கைப்பிடி அரிசியும் நன்றிக்கடனும்: திருநெல்வேலிப் புரட்டஸ்தாந்தரின் அன்றாட நன்றியறிதல் குறித்து

தமிழ்க் கிறித்தவ வரலாற்றை எழுதியோர் மொழிபெயர்ப்பு, அச்சுக்கூடம், பள்ளிக்கூடம், சாதிப்பூசல், மதமாற்றம் ஆகியவற்றிற்குத் தந்த கவனத்தை, விசுவாசிகள் தம் வீடுகளில் நாள்தோறும் கைக்கொண்ட ஒழுக்கங்களுக்குத் தந்தாரல்லர். விழித்தெழுந்ததும் சொல்லும் சிறு செபம், உண்பதற்கு முன்னும் பின்னும் கூறும் நன்றி, மாலைக் குடும்ப செபம், உலையில் இடுமுன் எடுத்துவைக்கும் ஒரு பிடி அரிசி ஆகிய இவை ஆவணங்களில் அரைவரியாக வந்து மறைகின்றன. பக்தி நூலுக்குரிய பொருள் என்று வரலாற்றாசிரியர் இவற்றை ஒதுக்கினர். பக்தி நூலாரோ இவற்றுக்கு ஒரு வரலாறு உண்டென்று எண்ணிப் பார்க்கவில்லை.

கடவுளுக்கு அன்றாடம் நன்றி செலுத்துதல் என்பது தனிமனித மனநிலை மட்டுமன்று. அதற்குச் சமூக வரலாறு ஒன்று உண்டு. திருநெல்வேலிச் சபைகளைப் பொறுத்தவரை, அவ்வொழுக்கம் மனிதப் புரவலர்க்குப் பட்ட நன்றிக்கடனின் சுமையைத் தளர்த்திய ஒரு வழியாகவும் இயங்கியது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து. இதனை நிறுவ முதலில் ஒரு சொல்லையும், பின்னர் ஒரு வினாவிடை நூலையும், இறுதியில் ஒரு பிடி அரிசியையும் எடுத்துக்கொள்கிறேன்.

சொல்லின் வழி

திருக்குறளின் பதினோராம் அதிகாரம் செய்ந்நன்றியறிதல். அங்கு 'நன்றி' என்பது ஒருவர் மற்றொருவர்க்குச் செய்த நன்மை. அதனை 'அறிதல்', அதாவது மறவாது நெஞ்சில் வைத்திருத்தல், பெற்றவர் கடமை. இன்று நாம் உதட்டளவில் சொல்லிப் பிரியும் 'நன்றி' அதுவன்று. அவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களும் மனிதர்க்கிடையிலான உறவையே பேசுகின்றன. கடவுள் வாழ்த்து அதிகாரம் தொழுதலையும் தாள் சேர்தலையும் பேசுகிறதேயன்றி நன்றி என்னும் சொல்லை எடுப்பதில்லை. பக்தி இலக்கியத்திற்கு வந்தால், அடியார் இறைவனிடம் பெற்றதற்கு ஈடாகத் தருவதற்குத் தம்மிடம் எதுவுமில்லை என்று உருகுவதைக் காண்கிறோம். கைம்மாறு இயலாது என்பதே அங்கு நன்றியின் உச்சம். 'கைம்மாறு' என்ற சொல்லுக்குள்ளேயே கை இருப்பதை இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழில் நன்றி, வாயைவிடக் கையோடும் நெஞ்சோடும் நெருங்கியது.

இத்தகைய மொழிச்சூழலில் விவிலியத்தை மொழிபெயர்க்க வந்தோர் முன் ஒரு சிக்கல் இருந்தது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் கடவுளுக்கு நன்றி கூறுதல் தனி வினை. பவுலின் நிருபங்களில் அது திரும்பத் திரும்ப வருகிறது. பவர் தலைமையில் திருத்தம்பெற்று 1871 இல் நிறைவுற்ற பதிப்பை எடுத்துப் பார்த்தால், தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் 5:18 போன்ற இடங்களில் இவ்வினைக்கு 'ஸ்தோத்திரம்' என்ற சொல்லே நிற்கிறது. வடமொழியில் அது புகழ்ப்பாடல். சைவர் திருமுறைகளைத் தோத்திரம் என்றும் மெய்கண்ட நூல்களைச் சாத்திரம் என்றும் பகுப்பது நாம் அறிந்ததே. ஆகப் பாடலைக் குறித்த ஒரு சொல், தமிழ்ப் புரட்டஸ்தாந்தர் நாவில் நன்றியைக் குறிக்கும் சொல்லாயிற்று. அதுவே பின்னர் ஒருவரையொருவர் காணும்போது கூறும் வணக்கமாகவும், 'ஸ்தோத்திரக் காணிக்கை' என்ற தொடரில் ஆலயத்தில் இடும் பணமாகவும் விரிந்தது. கத்தோலிக்கரும் பிறரும் இணைந்து 1995 இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு அதே இடத்தில் 'நன்றி' என்கிறது.

பழைய தேர்வைப் பிழை என்று சிலர் கருதுவதுண்டு. எனக்கு அக்கருத்தில் உடன்பாடில்லை. எபிரேய மொழியில் நன்றி கூறுதலுக்குத் தனி வினை இல்லை. புகழ்தலைக் குறிக்கும் வினையே நன்றியையும் தாங்குகிறது என்று செருமானிய அறிஞர் கிளவுஸ் வெஸ்டர்மன் திருப்பாடல்கள் பற்றிய தம் ஆய்வில் 1950களில் காட்டினார். நன்றி கூறுபவர் பெற்ற பொருளை நினைக்கிறார். புகழ்பவர் தந்தவரை நினைக்கிறார். அவ்வகையில் 'ஸ்தோத்திரம்' மூலத்தின் மனப்பாங்கிற்கு நெருங்கியே நிற்கிறது. நம் விவாதத்திற்கு முக்கியமானது வேறொன்று. செய்ந்நன்றி என்ற சொல் மனிதர்க்குரியதாக இருந்த மொழியில், கடவுளுக்குரிய நன்றிக்கு வேறு சொல் அமைந்தது. மிஷனரிக்கு நன்றியறிதல், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என இரண்டும் பெயராலேயே பிரிந்து நின்றன.

தரங்கம்பாடியின் காலையும் மாலையும்

1706 சூலை 9 ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கும் புளூச்சோவும் கொண்டுவந்த ஒழுக்கங்களுள் ஒன்று வீட்டுச் செபம். மார்ட்டின் லூத்தர் 1529 இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில், குடும்பத் தலைவர் வீட்டாருக்குக் கற்பிக்க வேண்டிய காலைச் செபமும் மாலைச் செபமும் உணவுச் செபங்களும் உள்ளன. காலையிலும் மாலையிலும் செபம் நன்றியோடுதான் தொடங்குகிறது. வேண்டுதல் அதன் பின்னரே. படைப்பு பற்றிய பகுதியின் விளக்கமும், உடல், உயிர், உணவு, உடை, வீடு என்று பெற்றவற்றை எண்ணிச் சொல்லி, நன்றி செலுத்தும் கடமையில் வந்து முடிகிறது. இந்நூல் தமிழில் சீகன்பால்கால் பெயர்க்கப்பட்டு, தரங்கம்பாடி அச்சகத்தின் தொடக்க வெளியீடுகளோடு சேர்ந்து வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதோரும் இதனை மனப்பாடமாகச் சொன்னார்கள். திண்ணைப்பள்ளியின் மனனமுறை இதற்குக் கைகொடுத்தது. கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் செருமானியத்தில் பெயர்த்துப் பழகிய சீகன்பால்குக்கு, தமிழ்ப் பிள்ளைகள் அறத்தை வாய்ப்பாடமாகவே பெறுகிறார்கள் என்பது நன்கு தெரிந்திருந்தது.

இவ்விருவரையும் அனுப்பிவைத்த வட்டாரத்தின் இயல்பையும் ஒரு சொல் சொல்லிக் கடக்க வேண்டும். ஆலே நகரில் ஆகஸ்ட் எர்மன் பிராங்கே நடத்திய அநாதை இல்லம், 1695 இல் உண்டியலில் கிடந்த 4 தாலர் 16 குரோசன் நன்கொடையிலிருந்து வளர்ந்தது என்று அவரே எழுதிவைத்தார். வந்த ஒவ்வொரு கொடையையும் கணக்கெழுதி, அதைக் கடவுளின் பராமரிப்புக்குச் சான்றாக அச்சிட்டு வெளியிடுவது அவர் வழக்கம். வரவேடே நன்றிப்பாவாகும் ஒரு பக்தி இது. நாள்தோறும் நாட்குறிப்பெழுதி ஆலேக்கு அனுப்பிய தரங்கம்பாடியாரிடமும் அதன் சாயல் உண்டு. ஆனால் இதில் ஒரு முரண் மறைந்திருந்தது. நன்றி கடவுளுக்கு; நூலோ அடுத்த கொடையாளரின் கைக்கும் சென்றது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பது அந்த ஏட்டில் மாறாமல் பதிந்து நின்றது. ஐரோப்பா கொடுக்கும் கை. தமிழகம் ஏந்தும் கை.

ஏந்தும் கைக்கு உள்ள நெருக்கடியை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) வாழ்வில் காண்கிறோம். சுவார்ட்சு ஐயரிடம் தஞ்சையில் பயின்று, இரண்டாம் சரபோசி மன்னரோடு பழகி வளர்ந்து, பெத்லகேம் குறவஞ்சி பாடிய அவர், பிற்காலத்தில் இளைய மிஷனரிகளோடு சாதி குறித்தும் விவிலிய மொழிபெயர்ப்புக் குறித்தும் முரண்பட்டார். அவர் சாதி நிலைப்பாட்டை இன்று யாரும் ஏற்கமாட்டார்கள். ஆயினும் கவனிக்க வேண்டியது, பழைய மிஷனரிகளின்பால் அவர் கொண்ட நன்றியே புதியவர்களை எதிர்க்கும் வாதமாயிற்று என்பதுதான். மனிதர்பால் கொண்ட நன்றி எப்போதும் ஒரு தரப்பைச் சார்ந்தது. அது கட்டுவிக்கவும் செய்யும், கட்டிப்போடவும் செய்யும்.

அரிசி என்னும் வசை

தஞ்சையிலிருந்து தெற்கே வந்தால் நிலை இன்னும் கூர்மையாகிறது. 1799 இல் உருவான முதலூரும் அதன்பின் தோன்றிய கிறித்தவக் கிராமங்களும், துன்புறுத்தப்பட்டோர்க்கான அடைக்கல ஊர்களாகவே தொடங்கின. 1820 இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ் ஐயர் 1830 இல் தர்மசங்கம் நிறுவியது, இத்தகைய ஊர்களுக்கு நிலம் வாங்கவே. நிலமும் பள்ளியும் நீதிமன்றத்தில் துணையும் மிஷன் வழியாக வந்தன. 1876–78 பெரும்பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டியும் அதே வழியாக வந்தது. 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1877 இல் ஆயராக அபிடேகம் பெற்றார். பல்லாயிரவர் சபையில் சேரவந்ததும் அப்பஞ்ச காலத்திலேதான்.

அப்போது எழுந்த கேள்வி பழையது. இவர்கள் ஆண்டவருக்காக வந்தார்களா, அரிசிக்காக வந்தார்களா? 'அரிசிக் கிறித்தவர்' என்ற ஆங்கில வசைக்கு நீண்ட மரபுண்டு. 1688 இல் தொங்கின் நாட்டைக் கண்ட கடலோடி வில்லியம் டாம்பியர், அங்குப் போதனையைவிட அரிசித் தருமமே மிகுதியானோரை மதம் மாற்றியது என்ற கருத்தைப் பதிந்திருக்கிறார். இவ்வசை இருபுறமும் வெட்டியது. வெளியார் அதைக் கொண்டு சபையை இகழ்ந்தனர். மிஷனரிகளோ அதற்கு அஞ்சியே தம் மக்களிடம் நன்றியின் அடையாளங்களைத் தேடித்தேடி எழுதினர். நன்றியில்லாதவர் என்றால் பெற்றுக்கொண்டதோடு போய்விடும் பொய்க் கிறித்தவர். மிகுந்த நன்றி காட்டினாலோ கைகட்டி நிற்கும் அடிமைப் புத்தியுள்ளவர். பனையேறியும் கூலிவேலை செய்தும் பிழைத்த மக்களுக்கு இவ்விரு மதிப்பீட்டிற்கும் இடையில் நிற்க இடமே இல்லை.

உலைக்கு முன் ஒரு பிடி

இப்பின்னணியில்தான் கைப்பிடி அரிசியைப் பார்க்க வேண்டும். வழக்கம் எளியது. சமைப்பதற்கென்று அளந்த அரிசியை உலையில் இடுமுன், வீட்டுப்பெண் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். அவ்வாறு சேர்ந்தது ஆலயத்திற்குச் செல்லும். அங்கு அது அளக்கப்பட்டு, விற்கப்பட்டு, சபை ஊழியத்திற்கும் ஏழைகளுக்கும் பயன்படும். பணமில்லாத வீட்டிலும் இது நடக்கும். கணவனிடம் கேட்க வேண்டியதில்லை. அவள் கைக்குள் இருந்த ஒரே பொருளாதாரம் அடுக்களைதான்.

இவ்வழக்கம் ஐரோப்பாவிலிருந்து வந்ததன்று. திருமந்திரத்தின் முதல் தந்திரம், எவர்க்கும் இயலக்கூடிய எளிய அறங்களைச் சொல்லுமிடத்தில், இறைவனுக்குப் பச்சிலையும் பசுவுக்கு ஒரு வாய்த்தீனியும் சொல்லி, உண்ணும்போது பிறர்க்கு ஒரு கைப்பிடி என்று அளவையும் குறிக்கிறது. சத்திரத்திற்கும் மடத்திற்கும் பிடியரிசி எடுத்துவைத்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் சமயம் கடந்து இருந்தன. கிறித்தவப் பெண்கள் தம் பாட்டிமார் கையில் கண்டதையே செய்தார்கள். ஆனால் ஒன்றை மாற்றினார்கள். முன்பு அது தருமம். இப்போது அது ஸ்தோத்திரம். அரிசியைப் பிடிக்கும் கணத்தில் வாய் அச்சொல்லைச் சொன்னது. லூத்தரின் நூல் குடும்பத் தலைவனிடம் ஒப்படைத்த நன்றிச் செபம், உணவு இலையில் விழுந்த பின்னர் சொல்வது. பெண்ணின் நன்றி அதற்கு முன்னரே, அரிசி சோறாவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

அரிசியின் மதிப்பையும் மறந்துவிடக் கூடாது. தேரிக்காட்டு ஊர்களில் நெல் விளையாது. பதனீரும் கருப்புக்கட்டியும், கம்பும் கேழ்வரகும் அன்றாட உணவு. அரிசிச்சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியது. காசு கொடுத்து வாங்க வேண்டியது. அங்கு ஒரு பிடி அரிசி எடுத்துவைப்பது தஞ்சை வயற்காட்டில் எடுத்துவைப்பதைப் போன்றதன்று. எந்தப் பொருளால் அவர்களை ஊர் இகழ்ந்ததோ, அதே பொருளை அவர்கள் நாள்தோறும் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்த மிஷனரிக்கு அன்று, அவருக்கும் மேலான ஒருவருக்கு.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். 1841 முதல் 1872 வரை திருச்சபை மிஷனரி சங்கத்தின் செயலாளராக விளங்கிய என்றி வென், உள்நாட்டுச் சபைகள் தம் செலவைத் தாமே தாங்க வேண்டும் என்று வற்புறுத்தினார். காணிக்கை வழக்கங்கள் அக்கொள்கையை நிறைவேற்றும் கருவிகள் மட்டுமே என்று கூற இடமுண்டு. நிர்வாகத்தின் பார்வையில் அது உண்மையும்கூட. திருநெல்வேலியில் ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதிக்குச் 'சேகரம்' என்று பெயர்; திரட்டல் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. எனினும் பணம் திரட்டுவது மட்டும் நோக்கமாக இருந்திருந்தால், மாதம் ஒருமுறை ஒரு படி என்று வாங்கியிருந்தால் போதும். எடுக்கும் அரிசியின் அளவில் பெரிய வேறுபாடு இராது. ஒவ்வொரு வேளையும் கையிடுவது கணக்கருக்குத் தேவையற்றது. அது தேவைப்பட்டது பக்திக்கே. வேளைதோறும் ஒருமுறை, இந்த உணவு என் உழைப்பால் மட்டும் வந்ததன்று என்று கை சொல்ல வேண்டியிருந்தது. ஆண்டுக்கொரு முறை வரும் அறுப்பின் பண்டிகையும், ஊரே ஒன்றாக அமர்ந்துண்ணும் அசனமும் கண்ணுக்குத் தெரியும் நன்றிகள். கோழியும் தேங்காயும் வாழைத்தாரும் ஏலத்திற்கு வந்து சிரிப்பும் போட்டியுமாக நடக்கும் அவ்விழாக்களை எழுதியோர் உண்டு. அடுக்களைக் கலயத்தைப் பற்றி எழுதியோர் குறைவு. அதில் ஏலமும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை.

ஒப்பீட்டிற்கு வடகிழக்கைப் பார்க்கலாம். மிசோரத்தின் பிரெஸ்பிட்டேரியன் சபையில் 'புஹ்ஃபாய் தம்' என்னும் கைப்பிடி அரிசி வழக்கம் 1910 இல் தொடங்கியது. இன்றும் அது அச்சபையின் வருவாயில் குறிப்பிடத்தக்க பங்கு வகிக்கிறது. பெண்களின் பங்களிப்பாகவே அது கணக்கில் ஏறுகிறது. கொரியச் சபைகளிலும் புனித அரிசி என்ற பெயரில் இத்தகைய வழக்கம் இருந்தது. அரிசி உண்ணும் நாடுகளின் கிறித்தவப் பெண்கள் வெவ்வேறு இடங்களில் இதே செயலைத் தம் நன்றியாகக் கண்டது தற்செயலாகாது. மிசோரத்தில் அது வரலாறாயிற்று. தமிழகத்தில் நினைவாக மட்டும் தங்கிவிட்டது.

புலம்பெயர்ந்த நம் சபைகளில் அரிசியின் இடத்தை உறை பிடித்துக்கொண்டது. ஐரோப்பிய நகரங்களின் தமிழ் ஆராதனைகளில் ஸ்தோத்திரக் காணிக்கை உறையின்மேல் காரணமும் எழுதப்படுகிறது: பிறந்தநாள், தேர்வு, அறுவைச் சிகிச்சை, வதிவிட அனுமதி. இது நன்றிதான், ஆனால் நிகழ்ச்சிக்குரிய நன்றி. ஒன்றும் நிகழாத ஒரு செவ்வாய்க்கிழமைக்கு உறை இல்லை. கலயத்திற்கு அந்நாளும் ஒரு நாளே.

எடின்பரோ, 1910

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். தேரியை அடுத்த ஊர் அது. 1903 இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவானபோது அதற்கு முன்னின்றவர்களுள் ஒருவர். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அச்சங்கத்தின் கொள்கை. ஐதராபாத் நிசாமின் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல் வட்டாரத்தை அது தன் பணிக்களமாக ஏற்றது. 1909 இல் அசரியாவே குருப்பட்டம் பெற்று அங்குச் சென்றார்.

அடுத்த ஆண்டு, எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், வெளிநாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையிலான ஒத்துழைப்பு என்ற பொருளில் அவர் பேசினார். அப்பேச்சின் முடிவு பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது. மிஷனரிகளின் வீரத்தையும் தன்னலமற்ற உழைப்பையும் இந்தியச் சபை வருங்காலமெல்லாம் நன்றியோடு சாட்சிபகரும் என்று சொன்ன அவர், பொருளைத் தந்தீர்கள், உடலையும் தந்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற கருத்தில் முடித்தார். அவையில் பலர் முகம் சுளித்தனர். நன்றிகெட்ட பேச்சு என்பதே அந்தச் சுளிப்பின் பொருள். அப்பேச்சை இனவேற்றுமைக்கு எதிரான குரலாக ஆய்வாளர் படித்துள்ளனர்; அது சரியே. நன்றி பற்றிய ஒரு வாதமாகவும் அதனைப் படிக்கலாம் என்பது என் எண்ணம். நன்றியை அவர் மறுக்கவில்லை, நிறைவாகவே செலுத்தினார். ஆனால் நன்றியை உறவின் முடிவாக ஏற்க மறுத்தார். பெற்றவன் என்றென்றும் பெற்றவனாகவே நிற்கும் உறவில் நட்புக்கு இடமில்லை என்பதை, செய்ந்நன்றியறிதலை அறமாகக் கொண்ட மொழியில் வளர்ந்த ஒருவர் கூறினார்.

இதைக் கூறும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு வட்டமேசை அரசியலையும் சுதேசி இயக்கத்தையும் மட்டும் தேடினால் போதாது. முன்னது காலத்தாலும் பொருந்தாது. கொடுக்கப் பழகிய சபையிலிருந்து வந்தவர் அவர். தாய்மார் வேளைதோறும் கலயத்தில் அரிசியிட்ட ஊர்களில், எவரும் வெறும் ஏந்தும் கையாக இருந்ததில்லை. பின்னாளில் தோர்ணக்கல்லின் ஆயராக, 1912 முதல் 1945 வரை, மிக வறிய மாலா, மாதிகா மக்களிடமும் அவர் காணிக்கையை வலியுறுத்தினார். அறுவடை விழாக்களில் தானியமும் கோழியும் ஆலயத்திற்கு வந்தன. ஏழைகளிடமிருந்து வாங்குவதா என்று கேட்டோர் இருந்தனர். அக்கேள்வி நியாயமற்றது என்று நான் சொல்லமாட்டேன். வறியவர் பெயரால் திரட்டப்பட்ட பணம் எல்லாச் சபைகளிலும் நேரான வழியில் செலவாகவில்லை. ஆனால் அசரியா கண்டது வேறொரு கணக்கு. கடவுளுக்கு நன்றியாக ஒன்றைத் தர முடிந்தவர், மனிதர் முன் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

எடின்பரோ மண்டபத்தில் 1910 சூன் மாதம் அமர்ந்திருந்தோர் பலரும் கொடுக்கும் சங்கங்களின் பிரதிநிதிகள். மேடையிலிருந்த தமிழரைத் தோர்ணக்கல்லுக்கு அனுப்பியது அச்சங்கங்களுள் ஒன்றன்று. அவருடைய பணிக்குப் படியளந்தவை திருநெல்வேலிச் சபைகள்.